பழைய முகவரியில் ஓர் ஆள்

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. ஓர் இணையக் கடையை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றினால் பழைய சர்வரை உடனே அணைக்கக் கூடாது. ஏழு நாள் ஓட விட வேண்டும். பிறகு அதன் வருகைப் பதிவைப் பிரித்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்க அங்கே யாரும் வரவில்லை என்று உறுதியானால்தான் நிறுத்தலாம். இளையவர்கள் இதற்குப் ‘பார்வதி ரூல்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் சங்கீதா என்ற பெண் துணிந்து கேட்டேவிட்டாள்.

“அக்கா, இப்பெல்லாம் அஞ்சு நிமிசத்துல மாறிடுது லா. எதுக்கு ஏழு நாளு? கரண்டு பில்லு சும்மா ஏறுது.”

அவள் சொன்னது சரிதான். அவளுக்கு ஏதோ சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். முழுசாகச் சொல்லியிருந்தால் அவளுடைய மதிய உணவு நேரம் முடிந்திருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், செண்டாயான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா பால்மரம் வெட்டினார். பள்ளியில் கொஞ்சம் ஆங்கிலம் வந்ததால் பதினேழு வயதில் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னை டெலிபோன் பலகையில் உட்கார வைத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. பிறகு டவுன் எக்ஸ்சேஞ்சில் சில வருடம். அங்கே எல்லாம் தானியங்கி ஆனதும் ரப்பர் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் டெலெக்ஸ். டெலெக்ஸும் போன பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், என் பிள்ளைகள் வயசுப் பசங்களோடு உட்கார்ந்து மாலை வகுப்பில் கணினி படித்தேன். இருபது வருடத்தை நான்கு வரியில் முடித்துவிட்டேன். அதிலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் இந்தக் கதைக்குத் தேவை.

டவுன் எக்ஸ்சேஞ்சில் எங்கள் மேலாளர் புவான் ரோக்கியா என்ற மலாய்க்கார அம்மா. ஒரு கடையோ கிளினிக்கோ நம்பர் மாறிவிட்டால், பலகையில் பழைய நம்பருக்குரிய துளையில் அவர் ஒரு சிவப்பு முளையைச் செருகிவிடுவார். அந்தத் துளைக்கு அழைப்பு வந்தால் நாங்கள் எடுத்துப் புது நம்பரைச் சொல்லி இணைத்துவிட்டு, காகிதத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஒரு மாதம் கோடே விழாவிட்டால்தான் முளையைப் பிடுங்கலாம். நான் ஒருமுறை இருபதாம் நாளே பிடுங்கிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. தானே முளையைத் திரும்பச் செருகி, “இன்னும் ஒரு ஆளு வரலாம்” என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். இதைப் பெரிய பாடமாக எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் ஒரு கடைவீட்டின் மாடியில் புதிதாகத் தொடங்கிய கணினி நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலாளி அழகப்பன். சிரம்பானில் மூன்று தலைமுறையாகப் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம். கடைகளை இணையத்தில் ஏற்றிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அவருக்குக் கணினியில் ஓர் எழுத்துகூடத் தட்டத் தெரியாது. ஆனால் கடை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் பழக்கம் தனி. நாம் ஏதாவது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் நாம் சொன்னதையே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார். அது சரியாக இருந்தால்தான் கண் திறக்கும். எந்தத் தாளானாலும் வரி வரியாகப் படித்துப் பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ‘சரி’ போடுவார். காதில் செருகிய அந்தப் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

புது இணையக் கடை ஒன்று தயாரானால் அவர் திரைக்கு முதுகு காட்டி உட்காருவார். “நான் சாமான் வாங்க வந்தவன். நீ கடைக்காரி. கேளும்மா” என்பார். நான் படிவத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். பேர்? சொல்வார். விலாசம்? சொல்வார். டெலிபோன் நம்பர்? “அது எதுக்கு ஒனக்கு?” என்பார். நான் காரணம் சொல்லத் திணறினால் பென்சிலால் அந்தக் கேள்வியை அடித்துவிடுவார். “வந்தவன கேள்வி கேட்டே வெரட்டிடாத” என்பது அவர் வழக்கம். அப்படித்தான் எங்கள் படிவங்களில் டெலிபோன் நம்பர் கேட்கும் கட்டம் இல்லாமல் போனது. அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

எங்களிடம் இருந்த கடைகளிலேயே எனக்குப் பிடித்தது வேலு அண்ணன் கடை. அவரும் என் அப்பாவைப் போலப் பால்மரம் வெட்டியவர்தான். தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய பிறகு, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கொட்டகையில் காவடி செய்யத் தொடங்கினார். பற்ற வைக்கும் வேலையும் அவருக்குக் கைவந்திருந்தது. அலுமினியக் கம்பியில் கூடு, மயிலிறகு, மணி, இடுப்பில் கட்டும் பட்டை. காவடியை எடுக்கப்போகிறவரின் உடம்புக்கு அளவெடுத்துத்தான் செய்வார். அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு மாதம்தான் அவர்களுக்கு வருடம் முழுக்கச் சோறு போட்டது.

அவர் கடை எப்படி ஓடியது என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர் எங்கள் பக்கத்தைத் திறந்து, காவடிப் படத்தைப் பார்த்து, படிவத்தில் அளவை எழுதி அனுப்புவார். அது எங்கள் சர்வருக்கு வந்து மின்னஞ்சலாக மாறும். வேலு அண்ணனிடம் கணினி கிடையாது. தினமும் மோட்டர் சைக்கிளில் அம்பாங்கானுக்கு வருவார். நான் அச்சடித்துக் கொடுப்பேன். தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார். மழை வந்தால் தாள் நனையக் கூடாதென்று அவர் நனைவார்.

இப்போது அந்த வருடத்துக்கு வருகிறேன். அம்பாங்கான் இணைப்பு மெதுவானது. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு படம் விரியக் காத்துக் கிடந்தார்கள். அதனால் கோலாலம்பூரில் சர்வர்களுக்கென்றே கட்டிய ஒரு கட்டடத்தில் இடம் எடுத்தோம். புது இயந்திரம் டிசம்பர் நடுவில் வந்து சேர்ந்தது. உடனே மாற்றிவிடலாம் என்றேன்.

“மார்கழி பொறந்திருச்சே பார்வதி. மார்கழியில யாராச்சும் குடி போவாங்களா?”

“இது வீடு இல்ல மொதலாளி, மெசினு.”

“கடைதானே? கடைய மாத்துறதும் குடி போறதும் ஒண்ணுதான்.”

மார்கழி முடியக் காத்திருந்தோம். தை பிறந்து முதல் முகூர்த்தம் ஒரு புதன்கிழமை வாய்த்தது. தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆர்டர் மழையாகக் கொட்டும் நேரம். வேறு எந்த ஊர்க்காரனும் இந்த நேரம் பார்த்துக் கடையை மாற்றியிருக்க மாட்டான்.

கோலாலம்பூர் கட்டடத்தில் சூடம் கொளுத்த விடவில்லை, தீயணைப்பு மணி அடித்துவிடுமாம். அவர் அசரவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த மின்சாரக் கெட்டிலைத் தாழ்வாரத்தில் சொருகிப் பால் காய்ச்சினார். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். புது இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்தார். நல்ல நேரத்துக்குள் நான் கடைகளின் இணையப் பெயரைப் புது இயந்திரத்தின் எண்ணுக்குத் திருப்பினேன். உடனே அவர் அம்பாங்கானுக்குப் போன் போட்டு, ஆபீஸில் இருந்தவரிடம் பழைய இயந்திரத்தை அணைக்கச் சொன்னார். நாங்கள் திரும்பி வருவதற்குள் அது அவருடைய அறையில், சுவரைப் பார்த்தபடி, புதுத் துண்டு போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பழைய இணைப்பையும் திங்கட்கிழமை வந்து துண்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பழையது இரண்டு நாளாவது ஓடட்டும் என்று நான் இழுத்தேன்.

“காலி பண்ணுன எடத்துல மறுபடி வெளக்கேத்துறது எங்க குடும்பத்துல இல்ல” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போட்டுப் பிரிந்தபோது, ஒரே பெயரில் ஒரே தெருவில் இரண்டு பாத்திரக் கடை நடந்தது. இந்தக் கடைக்கு வந்த ஆளை அந்தக் கடையில் கையைப் பிடித்து இழுத்த கதையெல்லாம் சிரம்பானில் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒரு பெயருக்கு இரண்டு வாசல் என்றாலே அவருக்கு ஆகாது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்களுக்கு எல்லாமே ஒழுங்காகத் தெரிந்தது. பக்கம் பறந்தது. முதலாளி சந்தோஷமாக இருந்தார். சனிக்கிழமை காலையில் வேலு அண்ணன் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“தங்கச்சி, கமலா அளவு வந்திச்சா?”

கமலா எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அவள் கணவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். பிழைத்து எழுந்தால் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். மார்கழியிலேயே அளவு அனுப்பியிருந்தாள். பிறகு, ‘புதன்கிழமை டாக்டர் பார்க்கிறார், பட்டை எங்கே உட்காரலாம் என்று கேட்டு எழுதுகிறேன், அதுவரை வெட்ட வேண்டாம்’ என்று இன்னொரு மின்னஞ்சல். கூடு செய்ய மூன்று நாள் பிடிக்கும். அடுத்த புதன்கிழமை விமானத்தில் ஏற்றினால்தான் பூசத்துக்குப் போய்ச் சேரும்.

“வரல அண்ணே.”

“அவ சொன்னா சொன்ன மாதிரி எழுதுவா லா. அதோட, பொதன்ல இருந்து வெளியூரு ஆர்டரே ஒண்ணும் காணோம். போன வருசம் இந்த வாரத்துல எனக்கு மூச்சு விட நேரம் இல்ல. எங்கயோ சூசா ஆயிருச்சு தங்கச்சி.” ‘சூசா’ என்றால் சிக்கல்.

கமலாவின் டெலிபோன் நம்பர் என்னிடம் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம்தான் இல்லையே.

நான் இயந்திரத்தைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. இங்கிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அப்போதுதான் பெயர்ப் பதிவேட்டைக் கேட்கத் தோன்றியது.

இணையத்தில் கடையின் பெயரைத் தட்டுகிறோம். ஆனால் கணினிகளுக்குப் பெயர் புரியாது, எண் வேண்டும். அதனால் ஒவ்வோர் ஊரின் இணைய நிறுவனத்திலும், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் கணினி ஒன்று இருக்கும். ஒருமுறை நம்மைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் திரும்பத் திரும்பக் கேட்காது. நாம் எத்தனை நாள் நம்பலாம் என்று சொல்கிறோமோ அத்தனை நாள் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். கமலாவின் மின்னஞ்சல் முகவரியில் அவளுடைய இணைய நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் அந்தக் கணினிகள் யார் கேட்டாலும் பதில் சொல்லும். கேட்டேன். எங்கள் கடையின் எண் என்ன?

பழைய எண்ணைச் சொன்னது. பக்கத்தில், இந்தப் பதில் இன்னும் எத்தனை விநாடி செல்லும் என்ற கணக்கு. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்துச் சொச்சம். ஒரு நிமிடம் கழித்துக் கேட்டேன். அறுபது குறைந்திருந்தது. கிட்டத்தட்ட மூன்று நாள்.

ஏழு நாள் நம்பலாம் என்று அந்தப் பதிவில் எழுதி வைத்தவள் நான்தான். வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து கேட்டால் நேரமாகிறது என்பதற்காக, கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது. இடம் மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே அதை ஒரு மணி நேரமாகக் குறைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அப்படிச் செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. முதலாளி இயந்திரத்தை அணைத்தது ஒரு தப்பு என்றால், அந்தத் தப்பைக் கொலைகாரத் தப்பாக ஆக்கியது என் கை.

செவ்வாய்க்கிழமையோ அதற்கு முன்போ எங்கள் எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்ட ஊர்களெல்லாம் இப்போது அணைத்துப் போட்ட இயந்திரத்தின் வாசலில் நிற்கின்றன. பக்கத்தைத் திறக்க வந்தவர்களுக்கு ‘இல்லை’ என்று வந்திருக்கும், போயிருப்பார்கள். ஆனால் மின்னஞ்சல் அப்படி உடனே போய்விடாது. கதவு மூடியிருந்தால் அனுப்பிய இடத்திலேயே வரிசையில் நின்று, சில மணிக்கு ஒருமுறை வந்து தட்டிப் பார்க்கும். ஐந்து நாள் தட்டும். அப்புறம்தான் அனுப்பியவருக்கே திருப்பிக் கொடுக்கும். கமலா எழுதியிருந்தால் அவள் கடிதம் இங்கிலாந்தில் எங்கோ வரிசையில் நிற்கிறது. நான் எழுதிக் கேட்டாலும் அவள் பதில் அதே வரிசையில்தான் போய் நிற்கும். பழைய இயந்திரத்தைப் பழைய இணைப்பில் சொருகி ஓட விட்டால் தானாக உள்ளே வரும். அந்த இணைப்பைத் துண்டிக்கத் திங்கட்கிழமை ஆள் வருகிறான்.

“அண்ணே, மோட்டர்ல எடம் இருக்கா?”

பாத்திரக் கடைக்குப் போனோம். நாற்பது வயதுக்கு மேல் நான் மோட்டரில் பின்னால் உட்கார்ந்து சிரம்பான் போனது அன்றைக்கு ஒரு நாள்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. கண்ணை மூடிக்கொண்டார்.

“பேரு ஒண்ணு. எண்ணு ரெண்டு. புது எண்ணு தெரிஞ்சவங்க புதுசுக்கு வராங்க. தெரியாதவங்க பழசுக்குப் போறாங்க. பழசுல ஆள் இல்ல.”

“ஆமா மொதலாளி.”

“ஆளுங்க திரும்பிப் போயிட்டாங்க. லெட்டரு மட்டும் நிக்குது.”

“ஆமா.”

கண் திறந்தது. ஆனால் தலை ஆடியது, இல்லையென்று. “பழச ஏத்தினா ஒரே பேர்ல ரெண்டு கடை ஆயிரும். அது வேணாம். செவ்வாக்கெழம தானா சரியாயிரும்னு நீயே சொல்ற.”

“செவ்வாக்கெழம வந்தா அண்ணன் எப்ப வெட்டுவாரு, எப்ப ஒட்டுவாரு? பொதன்ல பிளேன்ல போவணும்.”

“இந்த வருசம் தவறினா அடுத்த வருசம் எடுக்கட்டும். முருகன் கோவிச்சுக்க மாட்டான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கடையில் வேறு ஆட்கள் இருந்ததையும் பொருட்படுத்தவில்லை. “முருகன் கோவிச்சுக்க மாட்டாருதான். கமலா நம்பள நம்பி வெட்ட வேணாம்னு சொல்லிட்டுக் காத்திருக்கா. கதவ நம்ப மூடிட்டு, வேண்டுதல அவள தள்ளிப் போடச் சொல்றீங்களா? தெறக்காம நான் இங்கேருந்து போவமாட்டேன் மொதலாளி. வேலைய விட்டு நிறுத்துனாலும் சரி.”

வேலு அண்ணன்தான் மெதுவாகப் பேசினார். அவர் ஹெல்மெட் இன்னும் தலையிலேயே இருந்தது.

“மொதலாளி, எனக்கு வெளக்கெல்லாம் வேணாம். அளவு மட்டும் போதும்.”

அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிவப்பு முளை ஞாபகம் வந்தது. எக்ஸ்சேஞ்சில் பழைய துளைக்கு யாரும் கடை வைக்கவில்லை. வருகிறவருக்கு வழி சொல்ல ஓர் ஆளை வைத்தோம், அவ்வளவுதான். அதை அவரிடம் சொன்னேன். பழைய இயந்திரத்தில் கடையே இருக்காது. காவடிப் படம் இருக்காது, படிவம் இருக்காது. பக்கம் தேடி வருகிறவர்களைப் புது எண்ணுக்குத் திருப்பிவிடும். கடிதம் வந்தால் வாங்கிப் புது இயந்திரத்துக்கு அனுப்பும். வேறு ஒன்றும் செய்யாது.

மறுபடி கண்ணை மூடினார்.

“கடை இல்ல. காவலாளி.”

“ஆமா. வழி சொல்ற ஆளு.”

“எங்கப்பா அப்பிடி ஓர் ஆள வச்சிருந்தா ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டு இருந்திருக்க மாட்டாங்க” என்றார், தனக்குத்தானே. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அம்பாங்கானில் அவர் அறையைத் திறந்ததும் முதலில் ஒரு வேலை செய்தார். துண்டை விலக்கி, தண்ணீரில் நனைத்து, பழைய இயந்திரத்தில் இருந்த குங்குமத்தைச் சுத்தமாகத் துடைத்தார். மூலையில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். “இப்ப இது கடை இல்ல. நீ ஏத்திக்க” என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தத் துடைப்பில் அவருக்கு எவ்வளவு கஷ்டம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

கடைப் பக்கங்களை எடுத்து, திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்று மணிக்கு இணைப்பைச் சொருகினேன். உடனே பக்கம் தேடி வந்தவர்களின் தடம் பதிவில் விழத் தொடங்கியது. மின்னஞ்சல் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் அடுத்துத் தட்டும் நேரம் என்று ஒன்று உண்டு, அதை நாம் அவசரப்படுத்த முடியாது என்று வேலு அண்ணனிடம் சொன்னேன். அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

நாலரை மணிக்கு மேல் ஒன்று வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து. பிறகு மொரீஷியஸிலிருந்து இரண்டு. ஆறு மணிக்கு முதலாளி வழக்கம்போல முருகன் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது கமலாவின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை அனுப்பியது. நான் சத்தமாகப் படித்தேன்.

‘வேலு அண்ணே, டாக்டர் பார்த்துவிட்டார். எடுக்கலாம் என்கிறார். வலது பக்கம் தையல் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. பட்டையை நான்கு அங்குலம் மேலே ஏற்றுங்கள். முன்பு அனுப்பிய இடுப்பளவு வேண்டாம், மெலிந்துவிட்டார், இப்போது முப்பத்திரண்டு. உங்கள் பக்கத்தை மூன்று தடவை திறந்து பார்த்தேன், வரவில்லை. கடையை மூடிவிட்டார்கள், முருகனே இந்த வருஷம் வேண்டாம் என்கிறான் என்று இவர் சொல்கிறார். எனக்கு மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் விட்டுவிடுகிறேன்.’

வேலு அண்ணன் முப்பத்திரண்டு, நாலு என்று உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். தாள் அச்சாகி வருவதற்குள் படியிறங்கிவிட்டார். நான் பதில் எழுதினேன். வெட்டத் தொடங்கிவிட்டோம், புதன்கிழமை ஏற்றுகிறோம், கதவு மூடியிருந்தது எங்கள் தப்பு, முருகன் தப்பில்லை என்று.

திங்கட்கிழமை காலை இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தான். கையில் முதலாளி கையெழுத்துப் போட்ட படிவம். முதலாளி பழைய இயந்திரத்துக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இது உங்க சைன்தானே, தவுக்கே?”

“ஆமா. இன்னைக்கு இங்க நான் ஜாகா. அடுத்த வாரம் வா.”

‘தவுக்கே’ என்றால் முதலாளி, ‘ஜாகா’ என்றால் காவலாளி. அவன் என்னைப் பார்த்தான். நான் கணினியைப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

எட்டாம் நாள் ஒரு நாள் முழுக்க யாரும் பழைய வாசலுக்கு வரவில்லை. நிறுத்துவதற்கு முன் முதலாளி வருகைப் பதிவை அச்சடித்துத் தரச் சொன்னார். வரி வரியாகப் படித்துப் பென்சிலால் ‘சரி’ போட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பென்சில் நின்றது.

“பொதன் பதினோரு மணிக்கு அப்பறம் சனி மூணு மணி வந்திருச்சு. நடுவுல உள்ளது எங்க?”

“மெசினு அணைச்சுக் கெடந்திச்சு மொதலாளி. அணைச்சு வச்சா அது ஒண்ணும் எழுதாது.”

“அப்ப வந்து திரும்பிப் போனவங்க எத்தன பேருன்னு...”

“தெரியாது. எப்பவும் தெரியாது.”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அந்த இடத்தில் ‘சரி’ போடவில்லை. அன்று சாயங்காலம் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னவர் அவர்தான். ஏழு நாள் விதியை அதன் கீழே எழுதியவள் நான். படிவத்தில் டெலிபோன் நம்பர் கட்டத்தையும் அவரே திரும்பப் போடச் சொன்னார்.

தைப்பூசம் முடிந்து கமலா ஒரு படம் அனுப்பினாள். பனி கிடக்கும் ஒரு தெருவில், வேட்டி கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர், மயிலிறகுக் கூட்டுக்குள் நிமிர்ந்து நடக்கிறார். பட்டை தையலுக்கு மேலே சரியாக உட்கார்ந்திருந்தது. வேலு அண்ணன் அந்தப் படத்தைக் கொட்டகையில் மாட்டி வைத்தார். எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு நினைப்பும் வரும். கமலாவுக்கு மனசு கேட்காமல் ஒரு கடிதம் எழுதினாள். மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டு, முருகனே வேண்டாம் என்கிறான் என்று எழுதாமலே விட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் அந்த வருடம் வேண்டுதல் என்ன ஆயிற்று என்றும் தெரியாது.

இதையெல்லாம் சங்கீதாவிடம் சொல்லவில்லை. “இன்னும் ஒரு ஆளு வரலாம்” என்று மட்டும் சொன்னேன். ரோக்கியா சொன்னபோது எனக்கு வந்த அதே எரிச்சல் அவள் முகத்திலும் வந்தது.

என் கடைசி வேலை நாளில் சர்வர் அறையில் ஒரு பழைய இயந்திரம் தன் ஏழு நாளில் நான்காம் நாளை ஓட்டிக்கொண்டிருந்தது. பதிவைத் திறந்து பார்த்தேன். காலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அதை அணைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.